அரைப்புள்ளி என்பது அரை மூச்சு அல்ல

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஷிஃப்ட் மாறுகிற நேரம். இரவு வேலை பார்க்கப்போகிற தம்பிக்கு மூன்று வரியில் ஒரு மெயில் தட்டிவிட்டுக் கிளம்பினேன். கடைசி வரி இது:

"ஸ்டாப் தி ஜாப், கால் மீ, இஃப் தி டிஸ்க் இஸ் ஃபுல்."

இந்தப் பதிவில் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நாம் பார்க்கப்போவது எழுத்துகளை இல்லை, அவற்றுக்கு நடுவில் நிற்கிற புள்ளிகளை.

நான் சொல்ல வந்தது: ஜாபை எப்படியும் நிறுத்திவிடு, டிஸ்க் நிரம்பியிருந்தால் மட்டும் என்னைக் கூப்பிடு. அவர் புரிந்துகொண்டது: டிஸ்க் நிரம்பினால் ஜாபை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. அன்றைக்கு டிஸ்க் நிரம்பவில்லை. அதனால் அவர் எதையும் நிறுத்தவில்லை. ராத்திரி முழுக்க ஜாப் ஓடியது. ஒரே நினைவூட்டல் எஸ்எம்எஸ் நிறைய வாடிக்கையாளர்களுக்கு இரண்டு தடவை போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை கூட்டத்தில் "அண்ணா, நீங்க எழுதினதைத்தான் செஞ்சேன்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் என்கிற கட்டத்தில் "இன்ஸ்ட்ரக்‌ஷன் நாட் ஃபாலோட்" என்று எழுதி, பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு மூடிவிட்டோம். பையனுக்கு இங்கிலீஷ் போதவில்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

போதாதது என்னுடைய இங்கிலீஷ்தான் என்று எனக்கு உறைத்தது வெகுநாள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், நமக்கு இந்தக் குறிகளைச் சொல்லிக்கொடுத்த விதத்தின் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

பெயரிலேயே ஆரம்பிக்கிற தப்பு

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. அழகான பெயர்கள்தான். ஆனால் இவை ஒரு கொள்கையையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகின்றன: இந்த நான்கு குறிகளும் ஒரே பொருளின் நான்கு அளவுகள் என்கிற கொள்கை. அந்தப் பொருள் என்ன? நிறுத்தம். இவற்றின் பொதுப்பெயரே நிறுத்தற்குறி. எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்ததும் அதுதான்: கமா வந்தா ஒன்னு எண்ணு, செமிகோலன் வந்தா ரெண்டு எண்ணு.

இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1762-இல் வெளியான ராபர்ட் லவுத்தின் ஆங்கில இலக்கண நூல் இதைக் கணக்காகவே சொல்கிறது. முற்றுப்புள்ளி கோலனைப்போல் இரண்டு மடங்கு நிறுத்தம். கோலன் செமிகோலனைப்போல் இரண்டு மடங்கு. செமிகோலன் கமாவைப்போல் இரண்டு மடங்கு. 1795-இல் லிண்ட்லி மர்ரே எழுதிய, பல தலைமுறைகள் பள்ளிகளில் ஓடிய இலக்கணமும் இதே விகிதத்தைத்தான் சொன்னது. லவுத் கணக்குப்படி 1:2:4:8. நம் பெயர்களின்படி 1:2:3:4. அதாவது லவுத்தை அப்படியே பின்பற்றியிருந்தால் கோலன்தான் அரைப்புள்ளி, செமிகோலன் காற்புள்ளி, கமாவுக்கு அரைக்காற்புள்ளி என்று பெயர் வைத்திருக்க வேண்டும்! விகிதம் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: குறி என்பது கடிகாரம்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலப் பெயர்களின் வேர் வேறு கதை சொல்கிறது. கிரேக்கத்தில் 'கொம்மா' என்றால் வெட்டிய துண்டு. 'கோலன்' என்றால் உடலின் உறுப்பு. 'பீரியட்' என்பதன் மூலச்சொல்லுக்கு முழுச் சுற்று என்று பொருள். இவை முதலில் குறிகளின் பெயர்களே இல்லை. பேச்சின் பகுதிகளுக்கு அணியிலக்கணக்காரர்கள் வைத்த பெயர்கள். பிற்பாடு அந்தப் பகுதிகளைப் பிரிக்கிற குறிகளுக்கு ஒட்டிக்கொண்டன. அவர்கள் பெயர் உறுப்பைச் சொல்கிறது. நம் பெயர் அளவைச் சொல்கிறது.

செமிகோலன் இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி. 1490களில் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சிட்ட, எட்னா எரிமலை பற்றிய பியெத்ரோ பெம்போவின் சிறு நூலில்தான் அது முதன்முதலாக அச்சில் வந்தது. சத்தம்போட்டுப் படிக்கிற காலத்தில் கடிகாரமாக இருந்த குறிகள், மௌனமாகப் படிக்கிற காலத்தில் மெல்ல மெல்ல வேறு வேலைக்கு மாறின. இன்றைய ஆங்கிலத்தில் அவற்றின் முதல் வேலை மூச்சு இல்லை. எது எதோடு சேரும், எது எங்கே முடியும் என்று காட்டுவது.

விதி தெரியும், காரணம் தெரியாது

விதி எளிது. எழுவாயும் பயனிலையும் இருந்து தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க வேண்டுமா? அண்ட், பட், ஆர், ஸோ மாதிரி ஓர் இணைப்புச்சொல் இருந்தால் அதற்கு முன்னால் கமா. இணைப்புச்சொல் இல்லாவிட்டால் செமிகோலன். வெறும் கமா மட்டும் போட்டால் அதற்குக் 'கமா ஸ்ப்ளைஸ்' என்று பெயர். ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார்.

"தி சர்வர் இஸ் டவுன், வீ ஆர் செக்கிங்" என்பது ஸ்ப்ளைஸ். "தி சர்வர் இஸ் டவுன்; வீ ஆர் செக்கிங்" சரி. "தி சர்வர் இஸ் டவுன், அண்ட் வீ ஆர் செக்கிங்" அதுவும் சரி.

நம் ஆபீஸ் மெயில்களில் அதிகம் சறுக்குவது 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' ஆகிய இரண்டில். இவை 'பட்', 'ஸோ' மாதிரியே பொருள் தருவதால் இணைப்புச்சொல் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இவை வினையுரிச்சொற்கள். வாக்கியத்தின் முதலில், நடுவில், கடைசியில் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். 'பட்' அப்படி இடம் மாறாது. ஒட்டிவைக்க ஆணி வேண்டும். உருளுகிற கோலிகுண்டை வைத்து ஒட்ட முடியாது. அதனால் 'ஹவெவர்' புது வாக்கியத்தைத் தொடங்கினால் முன்னால் செமிகோலன், பின்னால் கமா. இரண்டு பக்கமும் கமா போட்டு நடுவில் விட்டால், அது முந்தைய வாக்கியத்தின் வாலா, பிந்தையதின் தலையா என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இருக்கும். என் குறை, பெரும்பாலான புத்தகங்கள் இதை மேசை நாகரிகம் மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன என்பதுதான். ஸ்பூனை வலது பக்கம் வை என்பது போல. ஏன் என்று கேட்டால் "கமா அவ்வளவு வலு இல்லாத குறி, செமிகோலன் வலுவானது" என்பார்கள். மறுபடியும் கால், அரை கணக்கு!

சி மொழி சொல்கிற காரணம்

எனக்குக் காரணம் புரிந்தது இலக்கணத்தில் இல்லை, என் தொழிலில். சி மொழியில் கமாவும் உண்டு, செமிகோலனும் உண்டு. இரண்டுமே இரண்டு செயல்களை வரிசையாக வைக்கும். பெயர்களைத் தமிழாக்கி எழுதினால்:

இஃப் (மழை) குடை = 1, செருப்பு = 0;

இஃப் (மழை) குடை = 1; செருப்பு = 0;

முதல் வரியில், மழை பெய்தால் மட்டுமே இரண்டும் நடக்கும். நிபந்தனை கமாவைத் தாண்டிப் போய் இரண்டாவது செயலையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது வரியில் நிபந்தனை செமிகோலனில் முட்டி நின்றுவிடுகிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் செருப்பு பூஜ்யம்தான். கம்பைலருக்கு மூச்சு கிடையாது. அது ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. அதற்கு வேண்டியது ஒரே விஷயம்: இந்த நிபந்தனை எதுவரை செல்லும்?

இதைத்தான் நாங்கள் ஸ்கோப் என்போம். தமிழில் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கமா திறந்த வாசல். ஒரு பக்கம் இருக்கிற நிபந்தனை மறுபக்கம் போகலாம். செமிகோலன் வேலி. ஆங்கிலம் சி மொழி அளவுக்குக் கறார் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனிதர்கள் கம்பைலர் மாதிரி கறாராகப் படிக்கிற இடம் ஒன்று உண்டு: சட்டம்.

டெக்சாஸ், 1874

டெக்சாஸின் 1869 அரசியல் சட்டத்தில் ஒரு வாக்கியம். அதன் வடிவத்தை மட்டும் தமிழில் தருகிறேன்: தேர்தல்கள் கவுண்டித் தலைநகரங்களில் நடத்தப்படும், சட்டம் வேறு ஏற்பாடு செய்யும்வரை; வாக்குச்சாவடிகள் நான்கு நாட்கள் திறந்திருக்கும்.

1873-இல் சட்டமன்றம் வாக்குப்பதிவை ஒரே நாளாக்கியது. டிசம்பரில் நடந்த தேர்தலில் ஆளுநர் எட்மண்ட் டேவிஸை ரிச்சர்ட் கோக் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார். பிறகு, இரண்டு முறை ஓட்டுப் போட்டதாகப் பிடிபட்ட ரோட்ரிகஸ் என்பவரின் வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேர்தலே செல்லாது, அப்புறம் எங்கே குற்றம் என்பது அவர் தரப்பு வாதம்.

கேள்வி இவ்வளவுதான்: "சட்டம் வேறு ஏற்பாடு செய்யும்வரை" என்கிற நிபந்தனை இடத்துக்கு மட்டுமா, நான்கு நாள் என்பதற்கும் சேர்த்தா? நடுவில் செமிகோலன் இருக்கிறது, நிபந்தனை அதைத் தாண்டாது என்றது நீதிமன்றம். இடத்தை மாற்றலாம், நான்கு நாளை மாற்ற முடியாது. 1874 ஜனவரி 5-ஆம் தேதி மொத்தத் தேர்தலும் செல்லாது என்று தீர்ப்பு. டேவிஸ் குடியரசுத் தலைவர் கிராண்டிடம் படை கேட்டார், கிராண்ட் மறுத்துவிட்டார். கோக் பதவியேற்றார். அந்த நீதிமன்றத்துக்கு 'செமிகோலன் நீதிமன்றம்' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் அதன் தீர்ப்புகளை முன்னுதாரணமாகக் காட்டவே வழக்கறிஞர்கள் தயங்கினார்கள்.

இலக்கணப்படி அந்த நீதிபதிகள் படித்தது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாநிலத்தின் மொத்த ஓட்டையும் ஒரு புள்ளி-கமா மேல் நிறுத்தினால் ஜனங்கள் அதை நம்பமாட்டார்கள் என்பதும் தெரிகிறது. வேலி எங்கே இருக்கிறது என்று குறி காட்டும். அந்த வேலியை மதிக்க வைக்கிற பலம் அதற்குக் கிடையாது.

நியூரெம்பெர்க், 1945

நான் மேலே சொன்ன, சம்பந்தமில்லாமல் படித்த விஷயம் இதுதான்.

நாஜித் தலைவர்களை விசாரிக்கிற நீதிமன்றத்துக்கான சாசனத்தில், 1945 ஆகஸ்ட் 8-ஆம் தேதி லண்டனில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் கையெழுத்திட்டன. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் மூன்றும் மூலப்பிரதிகள். அதன் 6-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் எவை என்று வரையறுக்கிறது. அந்த வாக்கியத்துக்கு மூன்று பகுதிகள்.

முதல் பகுதி: போருக்கு முன்போ போரின்போதோ குடிமக்களுக்கு எதிராகச் செய்யப்பட்ட கொலை, கூண்டோடு அழித்தல், அடிமைப்படுத்தல், நாடுகடத்தல் முதலிய கொடுமைகள். இரண்டாவது பகுதி: அல்லது அரசியல், இன, மத அடிப்படையிலான துன்புறுத்தல்கள். மூன்றாவது பகுதி ஒரு நிபந்தனை: இந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரும் ஒரு குற்றத்தை நிறைவேற்றும்போதோ அதனோடு தொடர்பாகவோ அது நடந்திருக்க வேண்டும்.

ஆங்கிலப் பிரதியில் முதல் பகுதிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் செமிகோலன். அப்படியானால் கடைசி நிபந்தனை துன்புறுத்தலுக்கு மட்டும். போருக்கு முன் ஜெர்மனிக்குள் ஜெர்மானியர்களையே கொன்றது அதுவாகவே குற்றம். போரோடு முடிச்சுப் போட்டுக் காட்டத் தேவையில்லை. ரஷ்யப் பிரதியில் அதே இடத்தில் கமா. அப்படியானால் நிபந்தனை கமாவைத் தாண்டிப் பின்னால் போய்க் கொலையையும் பிடிக்கும். போரோடு தொடர்பு நிரூபிக்கப்படாத கொலை இந்த நீதிமன்றத்தின் கைக்குள் வராது.

அக்டோபர் 6-ஆம் தேதி பெர்லினில் நான்கு நாடுகளும் இதற்கென்றே தனியாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ரஷ்யப் பிரதியே சரி, ஆங்கிலத்தில் உள்ள செமிகோலன் கமாவாக மாற்றப்படும், பிரெஞ்சுப் பிரதியும் அதற்கேற்பத் திருத்தப்படும் என்று. ஒரே ஒரு குறியை மாற்ற நாலு நாடுகளின் கையெழுத்து!

அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பில் விளைவு தெரிந்தது. 1939-க்கு முன் அரசியல் எதிரிகள் கொல்லப்பட்டதையும் யூதர்கள் கொடுமைப்படுத்தப்பட்டதையும் நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அவை வரம்புக்குள் வரும் குற்றத்தோடு தொடர்புடையவை என்பது போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை. ஆகவே அவற்றை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று பொதுவாக அறிவிக்க இயலாது என்றது. போர்க்காலக் கொடுமைகளை இது தொடவில்லை. விடுபட்டுப்போனது போருக்கு முந்தைய ஆறு ஆண்டுகள்.

இதை "ஒரு கமா செய்த கொடுமை" என்று எழுதினால் தலைப்பு நன்றாக இருக்கும். உண்மையாக இருக்காது. ஒரு நாடு தன் குடிமக்களை நடத்துகிற விதத்தில் வெளியார் எந்த அளவு தலையிடலாம் என்ற தயக்கம், லண்டன் பேச்சுவார்த்தையின்போதே அமெரிக்கத் தரப்பின் ராபர்ட் ஜாக்சனுக்கு இருந்தது. போரோடு தொடர்பு வேண்டும் என்பது அரசியல் முடிவு. அந்த முடிவை வாக்கியத்துக்குள் பூட்டிய பூட்டுதான் கமா. ஆனால் கவனியுங்கள்: அந்த அறையில் இருந்த யாரும் அதை "கொஞ்சம் சின்ன நிறுத்தம்" என்று நினைக்கவில்லை. நிபந்தனை எதுவரை செல்லும் என்பதற்கான குறி என்றுதான் நால்வரும் படித்தார்கள். 1998-இன் ரோம் சாசனத்தில் போரோடு தொடர்பு என்கிற நிபந்தனையே இந்தக் குற்றத்துக்குக் கிடையாது. அதை நீக்க இன்னொரு குறியை மாற்றினால் போதவில்லை, வரையறையையே புதிதாக எழுத வேண்டியிருந்தது.

கறாராக இருக்க வேண்டியது எங்கே

"அப்போ எல்லாக் கமா ஸ்ப்ளைஸையும் வேட்டையாடணுமா?" என்று கேட்டால், இல்லை. லின் ட்ரஸ் எழுதி 2003-இல் பிரிட்டனில் வந்து சக்கைப்போடு போட்ட 'ஈட்ஸ், ஷூட்ஸ் அண்ட் லீவ்ஸ்' புத்தகத்தின் துணைத்தலைப்பே, சகிப்பு என்பதே இல்லாத அணுகுமுறை என்று சொல்கிறது. ஜாலியான புத்தகம், நானும் ரசித்துத்தான் படித்தேன். 2004-இல் தி நியூயார்க்கர் இதழில் லூயிஸ் மெனாண்ட், அதன் சமர்ப்பணத்திலேயே ஒரு கமா விடுபட்டிருப்பதைக் காட்டி ஆரம்பித்து நார் நாராகக் கிழித்தார். என் குறை வேறு. அந்தப் புத்தகத்தை மூடும்போது மனசில் நிற்பது கடைப்பலகைகளைப் பார்த்துச் சிரிக்கிற உரிமைதான். யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி சிரிப்பில் கரைந்துவிடுகிறது.

"வந்தேன், கண்டேன், வென்றேன்" என்று சீசர் சொன்னதை ஆங்கிலத்தில் கமா போட்டே எழுதுகிறார்கள். குட்டி வாக்கியங்கள், ஒரே அச்சு, எந்த நிபந்தனையும் கிடையாது. எதுவும் எதன்மேலும் தாவ வழியில்லை. அங்கே செமிகோலன் போட்டால்தான் அசிங்கம். ஜெர்மனில் தனி வாக்கியங்களுக்கு நடுவில் வெறும் கமா போடுவது முழுக்கச் சரி. தமிழிலும் அப்படித்தான்: "சர்வர் விழுந்துடுச்சு, பாத்துக்கிட்டிருக்கோம்." யாரும் சிவப்பு மையைத் தேடமாட்டார்கள். நம் மொழியில் எது எதோடு சேரும் என்று காட்டும் வேலையில் பெரும்பங்கை வினைமுடிவுகளே செய்துவிடுகின்றன: நிறுத்திவிட்டு, நிறுத்தினால், நிறுத்தி. குறிக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் மூச்சு வேலைதான். ஆக காற்புள்ளி, அரைப்புள்ளி என்ற பெயர்கள் தமிழுக்குப் பெரிய கெடுதல் செய்யவில்லை. அதே பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதப்போகும்போதுதான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

ஆக என் சோதனை ஒன்றே ஒன்று. வாக்கியத்தில் இஃப், அன்லெஸ், அன்டில், எக்ஸெப்ட் மாதிரி ஒரு நிபந்தனை இருக்கிறதா? இருந்தால் அது எதுவரை செல்லும் என்று குறியைப் பார்த்து மட்டும் சொல்ல முடிகிறதா? முடிந்தால் சரி. முடியாவிட்டால் குறியை மாற்று, அல்லது வாக்கியத்தை உடை.

என் மெயில் இந்தச் சோதனையில் தோற்றுப்போகிறது. இரண்டு கமா, கடைசியில் ஒரு இஃப். வாசல் இரண்டும் திறந்து கிடக்க, நிபந்தனை நேராக முதல் செயல்வரை நடந்து போயிருக்கிறது. தம்பி படித்ததுதான் ஒழுங்கான வாசிப்பு. "ஸ்டாப் தி ஜாப்; கால் மீ இஃப் தி டிஸ்க் இஸ் ஃபுல்" என்று எழுதியிருந்தால் போதும். உண்மையைச் சொன்னால், ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிக்கப்போகிற ஒருவருக்கு அதுகூட வேண்டாம். ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனி வரியாக எழுதியிருக்க வேண்டும்.

போன மாதம் அந்தப் பழைய ரிவ்யூ பக்கத்தைத் தேடி எடுத்தேன். காரணம் என்கிற கட்டத்தில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அழித்துவிட்டு, "இன்ஸ்ட்ரக்‌ஷன் வாஸ் அம்பிகுவஸ், ரைட்டர்ஸ் எரர்" என்று என் பெயரைப் போட்டேன். அவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். விஷயத்தைச் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்பினேன்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களேண்ணா" என்று பதில் வந்தது.